காபி, இரும்பு, சோயா, ஆட்கள்: ஜப்பான் – பிரேசில் உறவின் 130 ஆண்டுகள்



இந்த அறக்கட்டளை உரைக்குத் தொலைதூர நாடுகளின் அரசுறவும் வணிகமும் என்று பொதுவாகத் தலைப்பைக் கொடுத்துவிட்டு, எந்த நாடுகள் என்பதை என் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். இந்தியாவையும் இன்னொரு நாட்டையும் எடுத்துக்கொண்டு பேசுவேன் என்றே பலரும் நினைத்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் அதைத் தவிர்த்தேன். சொந்த நாடு தராசின் ஒரு தட்டில் இருந்தால் நிறுப்பவன் கை சும்மா இராது.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ஜப்பானையும் பிரேசிலையும். பூமியில் இதைவிடத் தொலைவு தேடுவது கடினம். டோக்கியோவில் காலை ஒன்பது மணி என்றால் பிரேசிலியாவில் முந்தைய நாள் இரவு ஒன்பது. மொழியில் ஒட்டு இல்லை, மதத்தில் ஒட்டு இல்லை, ஒரே கொடியின் கீழ் வாழ்ந்த பழைய பந்தமும் இல்லை. அப்படியிருந்தும் ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய வம்சாவளியினர் மிக அதிகமாக வாழ்வது பிரேசிலில்தான். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். டொயோட்டா தன் நாட்டுக்கு வெளியே முதன்முதலில் தொழிற்சாலை எழுப்பியதும் அங்கேதான். இன்று உலகிலேயே அதிகமாக சோயா விளைவிக்கும் நாடு பிரேசில். அந்த வயல்களைத் திருத்திய பணத்தில் ஜப்பானிய மக்களின் வரிப்பணமும் உண்டு.

இது எப்படி நடந்தது? என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று விரும்பித் தேடிப் போனதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் வேறொரு நாடு ஏதோ ஒரு கதவைச் சாத்தியது. அப்போதுதான் இவை ஒன்றின் வாசலில் மற்றொன்று போய் நின்றன. தூதர்களின் விருந்துகளில் சொல்லப்படும் 'நட்பு' பின்னால் வந்தது. முதலில் வந்தது முட்டுச்சந்து.

1895 நவம்பர் 5 அன்று பாரிஸ் நகரில் இரு நாட்டுத் தூதர்களும் நட்பு, வணிகம், கடற்பயணம் பற்றிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஜப்பான் தரப்பில் சோனே அராசுகே, பிரேசில் தரப்பில் கப்ரியேல் தெ பிசா. இருவருமே பிரான்சில் தங்கள் நாடுகளுக்காகப் பணியாற்றியவர்கள். டோக்கியோவிலோ ரியோவிலோ கையெழுத்திட, அங்கே தூதரகமே இல்லையே! மேற்கத்திய வல்லரசுகள் தன்மீது சுமத்தியிருந்த சமமற்ற உடன்படிக்கைகளை உதறுவதற்கு ஜப்பான் போராடிக்கொண்டிருந்த காலம் அது. தன்னைச் சமமாக நடத்தும் எந்த நாட்டோடும் கையெழுத்திடத் தயாராக இருந்தது. பிரேசிலுக்கு வேண்டியிருந்தவர்கள் ஆட்கள்.

ஏன் ஆட்கள்? 1888 மே 13 அன்று பிரேசில் அடிமை முறையை ஒழித்தது. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக ஒழித்த நாடு அதுதான். சாவோ பாவ்லோ மாநிலத்தின் காபித் தோட்ட முதலாளிகள் ஐரோப்பியக் கூலிகளைக் கப்பல் கட்டணம் கொடுத்து வரவழைத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர். நேற்றுவரை அடிமைகளை மேய்த்தவர்களுக்குக் கூலிக்காரரை நடத்தத் தெரியவில்லை. சம்பளம் தாமதமானது, சவுக்கும் ஓயவில்லை. புகார்கள் குவிந்ததால் 1902இல் இத்தாலிய அரசு, கட்டணம் கொடுத்து பிரேசிலுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. முதல் கதவு சாத்தப்பட்டது.

இரண்டாவது கதவைச் சாத்தியது அமெரிக்கா. ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் போய்க்கொண்டிருந்த ஜப்பானிய உழவர்களை 1907–08 ஆண்டுகளில் ஏற்பட்ட உடன்பாடு தடுத்து நிறுத்தியது. ஜப்பானில் கிராமங்கள் கடனில் மூழ்கியிருந்தன. ரஷ்யாவோடு நடந்த போரில் வெற்றி கிடைத்ததே தவிர இழப்பீட்டுப் பணம் கிடைக்கவில்லை. ஆளைத் தேடி ஒரு நாடு, வேலையைத் தேடி ஒரு நாடு. நடுவில் ரியோ மிசுனோ என்ற குடியேற்ற முகவர் புகுந்தார்.

அந்தப் போரில் ரஷ்யாவிடமிருந்து கைப்பற்றிய கப்பல்தான் கசாடோ மாரு. 1908 ஏப்ரல் 28 அன்று 781 ஒப்பந்தக் குடியேறிகளோடு கோபே துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, ஜூன் 18 அன்று சான்டோஸ் துறைமுகத்தை அடைந்தது. ஐவரில் இருவர் ஒக்கினாவாத் தீவினர். தனியாள் வரக்கூடாது, குடும்பமாகத்தான் வர வேண்டும், குடும்பத்துக்கு உழைக்கும் ஆள் மூவராவது வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே காகிதத்தில் குடும்பங்கள் உருவாயின. ஒன்றுவிட்ட தம்பி மகனானான், பக்கத்து வீட்டுப் பையன் மைத்துனனானான். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணிகள் ஆள் கட்டிய வரலாறு அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

காபி பணம் காய்க்கும் மரம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். போய்ச் சேர்ந்தபோது பறிப்புக் காலம் பாதி கடந்திருந்தது. கிழட்டுச் செடிகள், சொன்ன கூலியில் பாதிகூடத் தேறவில்லை. அரிசி, உப்பு, துணி எல்லாவற்றையும் தோட்டக் கடையில்தான் வாங்க வேண்டும். கணக்கு எப்போதும் கடையின் பக்கமே சாய்ந்திருக்கும். இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதித் தருவார்கள். பிரேசிலில் சீட்டு இல்லை, காவலாளி இருந்தான். இரவோடிரவாக ஓடினார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அனுப்பப்பட்ட தோட்டங்களிலேயே தங்கியிருந்தவர்கள் நான்கில் ஒரு பங்குதான்.

இங்கே ஒரு செய்தி. ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்ததற்குக் கைம்மாறாகவும், காபிக்குப் புதிய சந்தை பிடிப்பதற்காகவும், சாவோ பாவ்லோ அரசு மிசுனோவுக்குக் காபிக்கொட்டையை இலவசமாகக் கொடுத்தது. அதை வைத்து 1911இல் அவர் ஜப்பானில் 'கஃபே பாவ்லிஸ்தா' என்ற காபிக்கடைகளைத் தொடங்கினார். டோக்கியோவின் கின்சா பகுதியில் எழுத்தாளர்களும் மாணவர்களும் அங்கே கூடினார்கள். கடை இன்றும் கின்சாவில் இருக்கிறது. ஜப்பானியர் காபி குடிக்கப் பழகியது, தோட்டத்தில் கடன்பட்டு நின்ற தங்கள் சொந்தக்காரர்களின் தலைக்கு ஈடாக வந்த கொட்டையில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

1924இல் அமெரிக்கா ஜப்பானியர் குடியேற்றத்தை முற்றாகவே தடுத்தது. அதன்பிறகு ஜப்பானிய அரசே கப்பல் கட்டணம் கொடுத்து பிரேசிலுக்கு மக்களை அனுப்பியது. 1908 முதல் 1941 வரை மொத்தம் ஏறத்தாழ 1,88,000 பேர் போனார்கள். இப்போது கூலிகளாக மட்டும் போகவில்லை. நிறுவனங்கள் காட்டை வாங்கித் துண்டு போட்டு விற்றன. சாவோ பாவ்லோ நகருக்கு அருகே கொத்தியாவில் உருளைக்கிழங்கு பயிரிட்டவர்கள் 1927இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அது வளர்ந்து தென்னமெரிக்காவின் மிகப் பெரிய வேளாண் கூட்டுறவாகவே ஆகிவிட்டது. காய்கறி அதிகம் உண்ணாத நகரத்துக்குக் காய்கறி பழக்கியவர்கள் இவர்களே.

அமேசானுக்குப் போனவர்கள் பட்ட பாடு வேறு. பாரா மாநிலத்தில் தொமே-அசு என்ற இடத்தில் 1929இல் குடியேறியவர்களை மலேரியா வாரிக்கொண்டு போனது. 1933இல் வந்த ஒரு கப்பல் வழியில் சிங்கப்பூரில் நின்றபோது 20 மிளகுக் கன்றுகள் வாங்கப்பட்டன. பிழைத்தவை இரண்டே. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, தென்கிழக்காசியா போய், அங்கிருந்து அமேசானுக்குப் போன கொடி அது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவின் மிளகுத் தோட்டங்கள் அழிந்தன. 1950களில் உலக விலை ஏறியபோது அந்த இரண்டு கொடிகளின் வாரிசுகள் தொமே-அசுவில் மாளிகைகளைக் கட்டித் தந்தன. பிறகு வேரழுகல் நோய் வந்து தோட்டங்களைக் காலி செய்தது. இப்போது அங்கே கொக்கோ, அசாய்ப் பனை, மரங்கள் எல்லாம் கலந்து பயிரிடுகிறார்கள். அந்தக் கொக்கோ ஜப்பானியச் சாக்லேட்டாகிறது. மிளகு ஏற்றுமதியில் வியட்நாமுக்கு அடுத்து நிற்பது இன்று பிரேசில். நம் மிளகு வணிகர்கள் வயிறெரிய வேண்டிய செய்தி.

சணலும் அப்படியே. காபி மூட்டை கட்டுவதற்கான சணலுக்கு பிரேசில் வங்காளத்தை நம்பியிருந்தது. விதையை அமேசானில் விதைத்துப் பார்த்தார்கள், செடி உயரவில்லை. ரியோட்டா ஓயாமா என்ற குடியேறி தன் வயலில் மற்றவற்றைவிட ஓங்கி வளர்ந்த செடிகளைக் கண்டு, அவற்றின் விதையைக் காப்பாற்றிப் பெருக்கினார். சில ஆண்டுகளில் பாரிந்தின்ஸ் பக்கத்து ஆற்றோரம் முழுவதும் சணல் நின்றது.

இவ்வளவு உழைத்தவர்களுக்கு 1942 ஜனவரியில் என்ன நேர்ந்தது? பிரேசில் ஜப்பானோடு அரசுறவை முறித்துக்கொண்டது. தூதர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள்; குடியேறிகள் எங்கே போவார்கள்? ஜப்பானிய மொழிப் பள்ளிகளும் பத்திரிகைகளும் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தன. தெருவில் தாய்மொழியில் பேசினால் சிறை. 1943 ஜூலையில் சான்டோஸ் துறைமுக நகரிலிருந்த ஜப்பானியக் குடும்பங்களை 24 மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் முதல் கப்பல் வந்து நின்ற அதே ஊர்.

பத்திரிகை இல்லாத சமூகத்தில் வதந்தியே பத்திரிகை. போர் முடிந்தபின் ஜப்பான் தோற்றது என்பதைப் பெரும்பாலோர் நம்ப மறுத்தார்கள். வென்றோம் என்றவர்கள் ஒரு கட்சி, தோற்றோம் என்றவர்கள் ஒரு கட்சி. ஷிண்டோ ரென்மெய் என்ற இரகசிய அமைப்பு, தோல்வியை ஒப்புக்கொண்ட சொந்தச் சமூகத்தாரையே சுட்டது. 23 பேர் இறந்தார்கள். 1946இல் புதிய அரசியலமைப்பை எழுதிக்கொண்டிருந்த பிரேசில் அவையில், ஜப்பானியர் குடியேற்றத்தையே தடை செய்யும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. 99க்கு 99. அவைத் தலைவர் மெலோ வியானா எதிராக வாக்களித்ததால் திருத்தம் வீழ்ந்தது. ஒரே வாக்கு. அந்த வாக்கு மாறி விழுந்திருந்தால் இன்றைய என் உரைக்குப் பொருளே இல்லை.

1952இல் அரசுறவு மீண்டது. இந்தமுறை சாத்தப்பட்டிருந்த கதவு சீனா. போருக்கு முன் ஜப்பானின் எஃகு ஆலைகள் மஞ்சூரியாவையும் சீனாவையும் கொரியாவையும் நம்பியிருந்தன. தோல்வி, சீனப் புரட்சி, கொரியப் போர் மூன்றும் சேர்ந்து அந்த வாசலை அடைத்தன. இரும்புத்தாதும் நிலக்கரியும் இல்லாத தீவு எஃகு உருக்கி வாழ்வதென்றால் உலகம் முழுதும் அலைந்துதான் ஆக வேண்டும். அதே நேரம் பிரேசிலில் குபிச்செக் அதிபரானார். 50 ஆண்டு வளர்ச்சியை 5 ஆண்டில் காட்டுவேன் என்று வாக்களித்து வந்தவர். 1957இல் ஒப்பந்தமாகி, மீனாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் இபட்டிங்காவில் உசிமினாஸ் எஃகு ஆலை எழுந்தது. தொடக்கத்தில் ஜப்பானியப் பங்கு 40 விழுக்காடு. 1962இல் உலை பற்றவைக்கப்பட்டது. போரில் தோற்றுப் பன்னிரண்டே ஆண்டுகளில் ஜப்பான் தன் தொழில்நுட்பத்தை வெளிநாட்டில் முதலீடாகப் போட்டது என்பது அப்போது பலரை வியக்கவைத்தது. ஆலையின் வரலாற்று மலர்களில் இடம்பெறாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1963 அக்டோபரில் ஆலை வாசலில் கூடிய தொழிலாளர்கள்மீது காவல் படை சுட்டது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 8 பேர்.

இரும்புத்தாது வணிகத்துக்கு வருகிறேன். என் பார்வையில் இந்த உறவின் மிகக் கெட்டிக்காரத்தனமான பக்கம் இதுதான். பிரேசிலின் சிக்கல் எளிது: தாது நல்ல தாது, ஆனால் ஜப்பான் தொலைவு. ஆஸ்திரேலியாவின் பில்பராவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் கடல் வழியைப்போல பிரேசிலின் வழி ஏறத்தாழ மூன்று மடங்கு. தாது மலிவான சரக்கு. கப்பல் கூலியே விலையை விழுங்கிவிடும். வாலே தோ ரியோ தோசே என்ற அரசு நிறுவனத்தின் தலைவராக இருந்த பொறியாளர் எலியேசர் பத்திஸ்தா இதை வேறுவிதமாகப் பார்த்தார். கிலோமீட்டரைக் குறைக்க முடியாது. ஒரு டன்னுக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவைக் குறைக்கலாம் அல்லவா? கப்பலைப் பெரிதாக்கினால் செலவு விழும். பெரிய கப்பல் வர ஆழமான துறைமுகம் வேண்டும். துறைமுகம் கட்டக் கடன் வேண்டும். கடன் கிடைக்க, பல ஆண்டுகளுக்கு வாங்குவோம் என்ற உறுதி வேண்டும்.

அவர் ஜப்பானிய எஃகு ஆலைகளிடம் போய்க் கேட்டது அந்த உறுதியைத்தான். 1962இல் 15 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைக் காட்டித் துபராவ் துறைமுகத்துக்குப் பணம் திரட்டினார்கள். 1966இல் துறைமுகம் திறக்கப்பட்டது. ஒரு லட்சம் டன் கப்பல்களுக்காகக் கட்டப்பட்ட துறைமுகம். கட்டத் திட்டமிட்டபோது அந்த அளவுத் தாதுக் கப்பல்களே உலகில் அரிது. கப்பல்களை ஜப்பான் கட்டியது. போகும்போது தாது, திரும்பும்போது பாரசீக வளைகுடாவில் எண்ணெய் என்று இரண்டையும் ஏற்றும் கப்பல்களும் வந்தன. வெறுங்கப்பல் திரும்பினால் அந்தச் செலவும் தாதின் தலையில்தானே விழும்! இன்று நாலு லட்சம் டன் தாதுக் கப்பல்கள் ஓடுகின்றன என்றால் அதன் வித்து அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதே ஆண்டுகளில் நம் பைலாடிலா தாதுக்கும் ஜப்பான் நீண்டகால ஒப்பந்தம் போட்டது. விசாகப்பட்டினத்துக்குக் கிழக்கு மலைத்தொடரைக் குடைந்து வரும் கிரண்டுல் ரயில் பாதை அதன் விளைவு. ஒப்பிட்டு ஆராய்வதற்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

அடுத்த கதவு 1973 ஜூன் 27 அன்று சாத்தப்பட்டது. உள்நாட்டு விலையேற்றத்துக்கு அஞ்சி அமெரிக்க அதிபர் நிக்சன் சோயா ஏற்றுமதியை நிறுத்தினார். தடை சில மாதங்களில் விலகிவிட்டது. ஆனால் அடி விழுந்துவிட்டது. டோஃபு, மிசோ, சோயா சாஸ் இல்லாமல் ஜப்பானியச் சமையலறை இல்லை. அதற்கான சோயாவில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. நண்பன்தான் கதவைச் சாத்தினான் என்பது இன்னும் கசந்தது. அடுத்த ஆண்டே பிரதமர் தனாகா பிரேசிலுக்குப் போய் அதிபர் கெய்செலைச் சந்தித்தார். அங்கே ஆட்சி இராணுவத்தின் கையில் இருந்தது என்பது பேச்சுவார்த்தைக்குத் தடையாக இருக்கவில்லை.

அந்தப் பேச்சு போய் நின்ற இடம் செராடோ. அது பிரேசிலின் நடுவே 20 கோடி ஹெக்டேர் பரப்பில் விரிந்த புல்லும் குறுமரமும் கலந்த நிலம். மண் சிவப்பு. புளிப்பு மிகுந்தது, அலுமினியம் வேரைக் கருக்கும், மணிச்சத்து இல்லை. உள்ளூர்க்காரர் அதை மாடு மேயத்தான் லாயக்கு என்று விட்டிருந்தார்கள். அதைத் திருத்தலாம் என்று முதலில் செய்து காட்டியவர்களில் கொத்தியா கூட்டுறவின் உழவர்களும் இருந்தார்கள். மீனாஸ் ஜெராய்ஸில் சாவோ கொத்தார்டோவில் 1970களின் தொடக்கத்தில். 1973இல் பிரேசில் தொடங்கிய எம்பிராபா என்ற வேளாண் ஆய்வு நிறுவனம் வழி கண்டுபிடித்தது. சுண்ணாம்பைக் கொட்டிப் புளிப்பை முறிப்பது, மணிச்சத்து உரம் இடுவது, நிலநடுக்கோட்டுப் பகுதியின் குறுகிய பகலில் அவசரமாகப் பூத்துவிடாத சோயா இரகங்களை உருவாக்குவது. யோஹான்னா டோபரெய்னர் என்ற பெண் விஞ்ஞானியின் ஆய்வால், வேரில் வாழும் நுண்ணுயிரே தழைச்சத்தைக் கொடுத்தது. சோயாவுக்கு யூரியாச் செலவு மிச்சமானது.

1979இல் தொடங்கி 2001 வரை மூன்று கட்டங்களாக நடந்தது ஜப்பான்–பிரேசில் செராடோ திட்டம். ஜப்பானிய அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவும் ஜப்பானிய வங்கிகளும் கடன் கொடுத்தன. 717 குடும்பங்கள், 3,45,000 ஹெக்டேர். செராடோவின் பரப்போடு ஒப்பிட்டால் இது துளி. ஆனால் இங்கே விளையும் என்பதை நிரூபித்துக் காட்டியதுதான் பெரிது. மற்றவர்கள் தாங்களே வந்தார்கள். 2023இல் பிரேசிலின் சோயா விளைச்சல் 15 கோடி டன்னைத் தாண்டியது.

இப்போது கேள்வி: அந்த சோயாவைத் தின்பது யார்? பெரும்பகுதி சீனாவுக்குப் போகிறது. 2009 முதல் பிரேசிலின் முதல் வணிகக் கூட்டாளி சீனா. ஜப்பான் உழுதது, சீனா அறுத்தது என்று சிலர் கேலி செய்வதுண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. உலகச் சந்தையில் சோயா பெருகியதே ஜப்பானுக்குக் காப்பு; எவன் கதவைச் சாத்தினாலும் இன்னொருவனிடம் வாங்கலாம். ஆனால் நட்டக் கணக்கை வேறு இடத்தில் பார்க்க வேண்டும். பணவீக்கத்தோடு சேர்ந்து ஏறிய வட்டியில் திட்டத்துக் குடும்பங்கள் பல கடனில் சிக்கின. அந்தக் கொத்தியா கூட்டுறவே 1994இல் கடனில் மூழ்கிக் கலைந்தது. செராடோவின் இயற்கைத் தாவரங்களில் ஏறத்தாழ பாதி அழிந்துவிட்டது. பிரேசிலின் பெரிய ஆறுகள் பல தலையெடுக்கும் நிலம் அது. இதே திட்டத்தைப் பெயர்த்து மொசாம்பிக்கில் நட ஜப்பானும் பிரேசிலும் 2009இல் கைகோத்தன. 'வெற்று நிலம்' என்று வரைபடத்தில் காட்டிய இடத்தில் உழவர்கள் இருந்தார்கள். அவர்கள் எதிர்த்தார்கள், 2020இல் திட்டம் கைவிடப்பட்டது. எனக்குப் பிடித்த முடிவுகளில் ஒன்று.

1980களில் பிரேசில் கடனில் தத்தளித்தது. 1987இல் வெளிக்கடனுக்கு வட்டி கட்டுவதை நிறுத்தியது. ஜப்பானிய முதலீடு பின்வாங்கியது. வணிகம் சுருங்கிய அதே வேளையில் ஆட்கள் எதிர்த்திசையில் புறப்பட்டார்கள். ஜப்பானின் தொழிற்சாலைகளுக்கு ஆள் போதவில்லை. பாகிஸ்தானியரும் வங்கதேசத்தவரும் விசா இல்லாமல் வந்து வேலை செய்துகொண்டிருந்ததை 1989இல் ஜப்பான் நிறுத்தியது. இந்தமுறை கதவைச் சாத்தியது ஜப்பானே. 1990இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஜப்பானிய வம்சாவளியினருக்கு மூன்றாம் தலைமுறை வரை வந்து வேலை செய்ய இடம் கொடுத்தது. தாத்தாவின் குடும்பப் பதிவேட்டைத் தேடிக் கிராமங்களுக்குக் கடிதம் போட்டார்கள். முகத்தைப் பார்த்து ஊரோடு கலந்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் கணக்கிட்டார்கள். வந்தவர்கள் போர்த்துகீசு பேசினார்கள், ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டு இறைச்சி சுட்டார்கள். ஹமமட்சு, ஓய்சுமி போன்ற தொழில் ஊர்களில் பிரேசில் கடைகள் முளைத்தன. 2007இல் ஜப்பானில் வாழ்ந்த பிரேசிலியர் மூன்று லட்சத்துக்கும் மேல்.

மறு ஆண்டு அமெரிக்காவில் லேமன் வங்கி விழுந்தது. கார் உதிரிபாக ஆலைகளில் முகவர் மூலம் வேலை செய்தவர்களை முதலில் வெளியேற்றினார்கள். தங்கும் அறையும் வேலையோடு போனது. 2009இல் ஜப்பானிய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. ஊருக்குத் திரும்பினால் ஆளுக்கு 3 லட்சம் யென், சார்ந்திருப்பவர்களுக்கு 2 லட்சம் யென். வாங்கிக்கொண்டவர் அதே விசாவில் திரும்பி வரக்கூடாது. ஏறத்தாழ 20,000 பிரேசிலியர் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார்கள். 1908இல் போனவர்களின் பேரப்பிள்ளைகள்! தடை 2013இல்தான் தளர்ந்தது. தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு குறை. வெளிநாட்டுக் குடிமக்களின் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது. எல்லா நாட்டவரையும் சேர்த்து ஏறத்தாழ 20,000 வெளிநாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் இல்லாமல் இருக்கக்கூடும் என்று 2019இல் ஜப்பானியக் கல்வி அமைச்சகமே கண்டறிந்தது.

அண்மைக் காலத்தை விரைந்து சொல்லிவிடுகிறேன். 2006இல் பிரேசில் ஜப்பானின் டிஜிட்டல் தொலைக்காட்சி முறையைத் தேர்ந்தெடுத்து, தன் பொறியாளர்களைக் கொண்டு திருத்தியமைத்தது. தென்னமெரிக்காவின் பெரும்பாலான நாடுகள் பின்தொடர்ந்தன. 2009 முதல் ஜப்பானின் உள்நாட்டுத் தடங்களில் பிரேசிலின் எம்பிரேயர் விமானங்கள் பறக்கின்றன. காபிக்கொட்டை விற்ற நாடு விமானம் விற்கிறது என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். கால்பந்தில் பிரேசில் வீரர் சீக்கோ ஜப்பானின் கஷிமா அணிக்கு ஆடப்போய், பிறகு ஜப்பான் அணிக்கே பயிற்சியாளரானார். இன்னொரு பக்கம், டொயோட்டாவின் அந்த முதல் வெளிநாட்டு ஆலை 2023இல் மூடப்பட்டது. 2025 மார்ச்சில் அதிபர் லூலா அரசுமுறை விருந்தினராக டோக்கியோ போனபோதும், பிரேசில் மாட்டிறைச்சிக்கு ஜப்பான் சந்தையைத் திறக்க வேண்டும் என்ற பழைய கோரிக்கையைத்தான் கொண்டுபோனார்.

2024 ஜூலையில் பிரேசில் அரசின் மன்னிப்பு ஆணையம், போர்க்காலத்திலும் அதன் பின்னும் ஜப்பானியக் குடியேறிகளை வதைத்ததற்காக அவர்களின் வழித்தோன்றல்களிடம் மன்னிப்புக் கேட்டது. சான்டோஸிலிருந்து குடும்பங்களை விரட்டி 81 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரு நாட்டு உறவில் நான் மதிக்கும் ஆவணம் அது. 1895 உடன்படிக்கை சரக்குக்கும் ஆளுக்கும் கடல் வழியைத் திறந்தது. போன ஆளை எப்படி நடத்துவது என்பதற்கு அதன்பின் நூறாண்டுகள் ஆகியும் இரண்டு அரசுகளுமே பதில் எழுதவில்லை.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கசாடோ மாரு சான்டோஸுக்குப் போன அதே காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும், மண்டபம் வழியாக இலங்கைக்கும் நம்மவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஜப்பானியக் குடியேறிகளின் பெயர்ப் பட்டியலையும் கடிதங்களையும் தொகுத்து, சாவோ பாவ்லோவில் அருங்காட்சியகமும் யோகோஹாமாவில் அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாணத்தின் குடியேற்றக் கோப்புகள் இருக்கின்றன. இந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப்போகிறவர்கள் ஒருவர் இருவராவது அந்தக் கோப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சிலவற்றின் தாள் உதிரத் தொடங்கியிருக்கும். அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்க நேரமில்லை.